பதினாறு நிறங்களில் வரைந்தவளுக்கு

என் ஹருமி அக்காவுக்கு,

உன் பெயரை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் "அந்த ஜப்பான்காரம்மா" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டி வருமோ என்ற பயம்.

உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். நீ உயிரோடு இருந்தபோதே வந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். செய்தியை முதலில் சொன்னால் அந்தச் சந்தோஷத்தில் என் தப்பு மறைந்துபோகும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன். இதை மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்கு உன்னைத் தெரியாது. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேனே என்று நினைக்காதே, பொறுத்துக்கொள்.

நீ எங்கள் வேங்கிக்கால் வீட்டு மாடிக்கு வந்தபோது உனக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு இருபத்து நாலு. திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு அப்பா மனை வாங்கிக் கட்டிய வீடு அது. கல்யாணமாகி நான் வரப்போக இருக்கட்டும் என்று மாடியில் ஒரு அறை போட்டார். ஆரணியில் ஒரு வருஷம் வாழ்ந்துவிட்டு நான் தனியாகத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அந்த அறையை யாரும் பேச்சில்கூட எடுக்கவில்லை. பூட்டியே கிடந்தது. நீதான் அதைத் திறக்க வைத்தாய்.

ஆசிரமத்துப் பக்கம் இடம் கிடைக்காமல் இல்லை. அங்கே உன் ஊர்க்காரர்கள் வருவார்கள், பேச்சுக் கொடுப்பார்கள், என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பார்கள். அதற்காகத்தான் ஊரின் இந்தக் கோடிக்கு வந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அம்மா கேட்ட முதல் கேள்வி "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்பது. நீ தலையை ஆட்டினாய். அது ஆமாவா இல்லையா என்று அம்மா ரெண்டு நாள் யோசித்தாள்.

ஆறே மாதத்தில் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாய், அதுவும் எங்கள் வீட்டுத் தமிழ். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, காத்து கம்மி" என்று நீ படியிறங்கி வந்து சொல்லும்போது அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிடும். நான் உன்னை 'நீங்க' என்று கூப்பிட்டேன். "நீங்க தூரமா இருக்கு. நீன்னு சொல்லு" என்றாய். அன்றைக்குப் பிடித்த 'நீ'யை இன்னும் விடவில்லை, பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாடியில் மிளகாய் காயப்போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். நான் அப்போது டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ திடீரென்று கேட்டாய்.

"உங்க கம்ப்யூட்டர் எத்தினி நிறம் காட்டும்?"

"எரநூத்தி அம்பத்தாறு."

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "பணக்காரங்க நீங்க. எனக்குப் பதினாறுதான் குடுத்தாங்க."

என் கட்டம் போட்ட நோட்டை வாங்கி, ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் சிவப்பு பென்சிலால் நிரப்பினாய். நடுவில் விட்டதையெல்லாம் மஞ்சளாக்கினாய். கையை நீட்டித் தூரப் பிடித்துக் காட்டினாய். ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. "நிறம் கம்மி. அதனால வேலை ஜாஸ்தி. மழைக்கு மட்டும் ஒரு மாசம் புள்ளி வச்சேன்" என்றாய்.

"என்ன படம்க்கா வரைஞ்ச?"

"பொம்பளைங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் என் கதையைச் சொன்னேன். ஆரணியில் அவர் என்னைப் பற்றி என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார், கட்டிலில் என் உடம்பைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னார் என்பதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னேன். நீ தேற்றவில்லை. மிளகாயைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய். அப்புறம் உன்னுடையதைச் சொன்னாய்.

நீ படம் வரைந்தது ஒரு வகை வீடியோ கேமுக்கு. ஆனால் ஓடுவது, சுடுவது ஒன்றும் கிடையாது. திரையில் ஒரு படம், அதற்குக் கீழே மூன்று நான்கு வரி எழுத்து. நாவல் மாதிரி படித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் கேள்வி வரும்: பேசுவதா, பேசாமல் இருப்பதா? இருப்பதா, போவதா? எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்குத் தக்கபடி கதை திரும்பும். பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டுப் பெட்டியில் விற்பார்கள். கதை எப்படிப் போனாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் படுக்கை வந்தாக வேண்டும். வராவிட்டால் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். நூடுல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் சின்ன கம்பெனி, ஆறு பேர், அதில் நீ ஒருத்திதான் பெண். முகம், முடி, ஜன்னல், மழை, கட்டில் எல்லாம் உன் கை.

"அசிங்கமா இருக்காதாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

நீ கோபப்படவில்லை. "சிலது அசிங்கம். சிலது இல்ல. எது எதுன்னு எனக்கு மட்டும் தெரியும்."

அசிங்கம் இல்லை என்று நீ நினைத்ததில் ஒன்று, நீயே கதையும் எழுதிய கேம். கடலோரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். புயலால் மூன்று நாள் ரயில் ஓடவில்லை. மாட்டிக்கொண்ட பிரயாணி ஒருத்தன். டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி, அவளுக்கு முப்பது வயது. இரண்டாம் நாள் அவர்கள் சேர்ந்து படுக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் அழுகிறாள், ஏன் என்று கடைசிவரை சொல்வதில்லை. அந்த முகத்துக்குத்தான் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன் என்றாய். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்று நான் கேட்டேன். "அதுக்கு முந்தின படத்துலயே நின்னுருப்பாங்க" என்றாய்.

சில வருஷம் கழித்து அதே கேமை டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிக்கு மாற்றினார்கள். அது வீட்டுக் கூடத்தில் இருக்கும், குடும்பமே உட்கார்ந்திருக்கும். அதனால் படுக்கைக் காட்சிகளை எடுத்துவிட வேண்டும், மற்றப் படங்களில் துணி கம்மியாக இருந்தால் மூட வேண்டும் என்றார்கள். நிறத்துக்கு இப்போது குறைவில்லை. நடிகைகளை வைத்துக் குரலும் கொடுத்தார்கள். உன்னையே கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

"நான் வரைஞ்ச பொண்ணுக்கு நானே துணி போட்டேன்" என்றாய். "ஒரு மாசம். காலையில போவேன், ஒருத்திக்கு ரவிக்கை. சாயங்காலம் வரதுக்குள்ள இன்னொருத்திக்குப் போர்வை."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ரெண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு உன் கண்ணைப் பார்த்தேன். நீ எவ்வளவு நேரமாகச் சிரிக்காமல் இருந்தாய் என்று தெரியவில்லை.

வெட்டிய இடத்தை நிரப்ப உன்னிடமே ஒரு காட்சி கேட்டார்கள். டிக்கெட் கவுண்டருக்குள் அவனும் அவளும் உட்கார்ந்து மழை விடும்வரை ஆரஞ்சுப் பழம் உரித்துச் சாப்பிடுகிற மாதிரி எழுதிக் கொடுத்தாய். அவள் அழுவது மட்டும் அதில் பொருந்தவில்லை. அதையும் எடுத்துவிட்டாய். எது நல்லது என்று நான் கேட்டேன்.

"தெரியல. ஆரஞ்சு அழகா இருக்கு. ஆனா அவ அழுதது நெஜம்."

உன் தங்கை ஃபுமியின் வீட்டுக்காரர் ஏதோ பத்திரிகையில் உன் பழைய படங்களைப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டுக்கு வராதே என்று அவளை விட்டே உனக்குச் சொல்ல வைத்தார். உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நீ கம்ப்யூட்டரில் படம் வரைகிறாய் என்பதைத் தவிர. அந்த அம்மாவுக்குத்தான் நீ இந்தியாவுக்குக் கிளம்புமுன் அந்த டிவிப் பெட்டியையும் துணி போட்ட கேமையும் பார்சலில் அனுப்பினாய். இங்கே வந்து எங்கள் வீட்டு விலாசம் எழுதி ஒரு தபால் அட்டை போட்டாய். பத்து வருஷ வேலையில் அம்மாவுக்குக் காட்டக்கூடியது அது ஒன்றுதான் என்றாய்.

பதில் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நீ படியில் பாதிவரை இறங்கி நிற்பாய். அவர் உன்னைப் பார்த்துக் கையை விரிப்பார். கொஞ்ச நாளில் அவரே மணியடிக்காமல் எங்கள் வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்தார். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம்.

இரண்டு வருஷம் அப்படியே போனது. கீழ்பென்னாத்தூரில் இருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. உரக்கடை வைத்திருப்பவர், முதல் மனைவி இறந்துவிட்டவர். நான் திரும்பி வந்தவள் என்பது தெரிந்தே கேட்டார்கள். அப்பா அந்த வாரம் முழுக்கத் தானாகவே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வருவதற்கு நீதான் புடவை எடுத்துக் கொடுத்தாய். "இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கும்" என்றாய். அவர்கள் வந்தார்கள், பிடித்துவிட்டது என்றார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை உறுதி செய்ய வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் அவர் வந்தார்.

நான் சென்டரில் இருந்து வரும்போது வாசலில் புது செருப்பு இருந்தது. கூடத்தில் கண்ணாடி போட்ட ஜப்பான்காரர் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் அம்மா கொடுத்த காப்பி. உன் ரசிகராம், ஆசிரமத்துப் பக்கம் விசாரித்து உன்னைத் தேடி வந்தாராம். நீ எவ்வளவு பெரிய ஓவியர் என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து, அதைக் காட்டுவதற்காக, பையில் பத்திரமாக வைத்திருந்த பழைய பத்திரிகையை எடுத்து அப்பாவின் மடியில் விரித்து வைத்திருந்தார். துணி போடுவதற்கு முந்தைய படங்கள் அவை. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. ஒவ்வொரு படமாக விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா பத்திரிகையை மூடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ மாடியில் இருந்து இறங்கி வந்தாய். அவர் எழுந்து இடுப்பு மடிய வணங்கினார். நீ பத்திரிகையைப் பார்த்தாய். எல்லாம் புரிந்துவிட்டது உனக்கு.

"என்னம்மா இது?" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. "இது நீங்க பண்ணதா?"

"ஆமாங்க."

"இந்தப் படமெல்லாம்?"

"ஆமாங்க. நான்தான்."

அம்மா சமையலறை வாசலில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கலை, உனக்குத் தெரியுமா இது?"

அக்கா, நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. யோசித்துப் பொய் சொன்னேன் என்றால்கூட ஏதோ ஒரு கணக்குப் போட்டேன் என்று இருக்கும். வெள்ளிக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவ்வளவுதான்.

"தெரியாதுப்பா" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும், அதனால் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாய்: "அவளுக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல."

"நீங்க நல்லவங்கதான்மா" என்றார் அப்பா. "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாங்க பொண்ணு வச்சிருக்கோம். வர்றவங்க காதுக்குப் போனா... ரூமைக் காலி பண்ணிடுங்க."

"சரிங்க."

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீயும் அப்பாவும் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, பேனாவை எடுத்து நீட்டினார். பத்திரிகையில் கையெழுத்து வேண்டுமாம். நீ வாங்கினாய். அந்தக் கம்பெனிக்காக நீ வைத்துக்கொண்டிருந்த புனைபெயரை நிதானமாக எழுதிக் கொடுத்தாய். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை நீ பெட்டி கட்டினாய். நான் மாடிக்கு வரவில்லை. வியாழக்கிழமை காலையில் ஆட்டோ வந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தேன். அம்மா உன்னிடம் ஒரு டப்பா ஊறுகாய் கொடுத்தாள், பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். பச்சைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், பெயர் நிலா. கடைக்கு மேலேயே வீடு, மல்லாட்டைக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே கடலைத் தோல் தூசி. சண்டை சச்சரவு இல்லாத வாழ்க்கை. உன்மேல் நின்றுதான் இதெல்லாம் எனக்கு வந்தது என்பது அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை உன்னைப் பார்த்தேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில். நானும் மாமியாரும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். நீ எதிர் வரிசையில், வேலூர் பஸ் நிற்கும் இடத்தில் சிமெண்ட் திட்டில் உட்கார்ந்திருந்தாய். முடியை ஒட்ட வெட்டியிருந்தாய். வெட்டியது என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நீ கூப்பிட்டால் மாமியாருக்கு என்ன சொல்வது என்று பயந்தேன். நீ கூப்பிடவில்லை. எனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று நீயே முகத்தைத் திருப்பி, ஏதோ பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். எங்கள் பஸ் கிளம்பும்வரை திரும்பவே இல்லை. கழுத்து வலித்திருக்காதா அக்கா?

நீ போன செய்தி அம்மா மூலமாகத்தான் வந்தது. செங்கம் ரோட்டில் நீ கடைசியாக இருந்த வீட்டுக்காரம்மா கோயிலில் பார்த்துச் சொன்னாராம். புற்றுநோயாம். கடைசி ரெண்டு மாதம் அந்த அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். இங்கேயே எரித்துவிட்டார்கள். "நம்மளும் ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம்டி" என்றாள் அம்மா. நான் நிலாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இழுத்துப் பின்னிவிட்டேன் போல, அவள் கத்தினாள்.

இனி செய்திக்கு வருகிறேன்.

நீ இறந்து இரண்டு வருஷம் கழித்து அம்மா போன் செய்தாள். "நம்ம வீட்டத் தேடி ஒரு ஜப்பான்காரம்மா வந்திருக்காங்க, சீக்கிரம் வா." பஸ் ஏறிப் போனேன். கூடத்தில், அதே நாற்காலியில், உன் நெற்றியும் உன் வாயுமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஃபுமி. நீ எழுதிய அட்டையில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அட்டை அவளிடம்தான் இருந்தது, அக்கா.

நாங்கள் இரண்டு பேரும் மாடி அறைக்குப் போய் உட்கார்ந்தோம். இங்கிலீஷில் தடுமாறித் தடுமாறித்தான் பேசினோம். அவள் பையில் இருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். ஒரு பழைய டிவி, அதற்கு முன்னால் ஒரு வயதான அம்மா மெத்தையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்தப் பெட்டியின் பொத்தான் கட்டை. திரையில் ஒரு பெண் குனிந்து பழம் உரிக்கிறாள்.

உன் அம்மா பார்த்துவிட்டார், அக்கா. பார்சல் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பொத்தான் அமுக்கத் தெரியவில்லை. ஃபுமிதான் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்கினாள். எழுத்து சின்னதாக இருந்ததால் அவளே வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தாளாம். மூன்று நாள் கதையை அவர்கள் ஒரு மாதம் பார்த்தார்கள். முடிந்ததும் அம்மா மறுபடி முதலில் இருந்து போடச் சொன்னார். ஆரஞ்சு உரிக்கும் இடம் வந்தால் தாண்ட விடமாட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, "என் பெரிய பொண்ணு வரைஞ்சது. பாருங்க, நான் உரிக்கிற மாதிரியே அடியில இருந்து உரிக்கிறா" என்று காட்டினாராம்.

அதை நீ வேண்டுமென்றேதான் வரைந்தாயா? அம்மாவின் கை தானாக வந்துவிட்டதா? ஃபுமிக்கும் தெரியவில்லை. கேட்க ஆளில்லை.

உனக்கு எழுதச் சொல்லி அம்மா தினமும் கேட்டிருக்கிறார். ஃபுமி எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை. அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாள். "வீட்டுக்காரருக்குப் பயந்தேன். அடுத்த மாசம் எழுதலாம், அடுத்த மாசம் எழுதலாம்னு இருந்தேன்" என்றாள். அந்தக் குளிர்காலத்தில் உன் அம்மா போய்விட்டார். அம்மா போனதைக்கூட எழுத அவளுக்கு முகமில்லை. பிறகு நீயும் போய்விட்டாய்.

அவள் அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், திட்டுவேன் என்று எதிர்பார்த்தது மாதிரி. நான் என் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். உலகத்தில் முதல்முதலாக அவளிடம்தான் சொன்னேன்.

"நீ சொன்ன வார்த்தை என்ன? உங்க பாஷையில" என்று கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாது" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "சின்ன வார்த்தைதான்" என்றாள்.

பிறகு இன்னொன்று கேட்டாள். துணி போடுவதற்கு முந்தைய அந்தப் பழைய கேம் ரொம்ப மோசமானதா என்று. நீ சொன்னதையே சொன்னேன். சிலது ஆமாம், சிலது இல்லை, அவள் அழுவது நிஜம். ஃபுமிக்கு அந்த அழுகையைப் பார்க்க வேண்டுமாம். பழைய சாமான் கடையில் தேடி அந்தக் கேமை வாங்கி வைத்திருக்கிறாள், ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பி. ஆனால் அதைப் போட்டுப் பார்க்கிற கம்ப்யூட்டரை விற்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தரிடம் கொண்டுபோய்க் கேட்டதற்கு, ஃபிளாப்பியில் பாதி பூசணம் பூத்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இரண்டு வாரம் புள்ளி வைத்து வைத்து நீ வரைந்த அந்த முகத்தை நாங்கள் இரண்டு பேரும் பார்க்காமலே போகப்போகிறோம் என்றுதான் நினைக்கிறேன்.

மலையைச் சுற்றிவிட்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். யாரிடம் பொய் சொன்னேனோ அவரிடம் உண்மையைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்லி என்ன? ஆனாலும் தள்ளிப்போட்டேன். அதிலும் நான் ஃபுமிக்கு இளைத்தவள் இல்லை. இரண்டு வருஷம் தள்ளினேன்.

அப்பாவுக்கு இப்போது ஞாபகம் சரியில்லை, அக்கா. என்னையே சில நாள் அவருடைய தங்கை என்று நினைத்துப் பேசுகிறார். போன வாரம் நல்ல தெளிவாக இருந்தார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, மாடியில ஹருமி அக்கா இருந்தாங்களே, ஜப்பான்காரங்க. அவங்க என்ன வேலை பாத்தாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "மாடியிலயா? மாடியில யாரு இருந்தாங்க?"

"ஜப்பான்காரங்கப்பா. ரெண்டு வருஷம் இருந்தாங்க."

யோசித்துப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். பாவமாக இருந்தது.

"நல்லவங்களாம்மா?"

"நல்லவங்கப்பா."

"அப்புறம் ஏன் போயிட்டாங்க?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் படிப்பார். கீழ்பென்னாத்தூரில் கடைக்கு வருகிறவர்களில் யாராவது படிப்பார்கள், மாமியார் காதுக்குப் போகும். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்காமலும் போகலாம். நான் பயந்த அந்த வெள்ளிக்கிழமையில்கூட அவர்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்காமலே உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

இனிமேல் உன்னைப் பற்றி யார் கேட்டாலும், ஆரஞ்சு உரித்த கதையை மட்டும் சொல்லி உனக்குத் துணி போட்டு அனுப்ப மாட்டேன். நூடுல்ஸ் கடைக்கு மேலே நீ பார்த்த வேலையையும் சொல்வேன். அதில் அசிங்கமும் உண்டு, அசிங்கம் இல்லாததும் உண்டு என்று சொல்வேன். நிலா பெரியவளானதும் அவளிடமும் முழுசாகச் சொல்வேன். செங்கம் ரோட்டு அம்மாவை அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன். நீ கடைசியாக என்ன சாப்பிடக் கேட்டாய், என்ன பேசினாய் என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். இது சத்தியம்.

உன்னை அப்போதும் தெரிந்த தங்கை,
கலைச்செல்வி